இரகுநாதனின் இலிதியத் திரை

பதுளையில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் இரகுநாதன் படவரைஞராக இருந்தார். மலைச்சரிவில் வெட்டப்போகிற வீதி, அதன் ஓரத்துத் தாங்குமதில், அடியில் ஓடுகிற மதகு, இப்படியானவைதான் அவர் மேசைக்கு வரும். யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரர். எண்பத்து நான்கில் மாற்றலாகி வந்தவர், பிறகு ஊரில் சண்டை மூண்டதில் திரும்பிப் போகிற பேச்சே இல்லாமல் இங்கேயே தங்கிப்போனார். ஹாலிஎலையில், தேயிலை முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில், ஒரு சிங்களக் குடும்பத்தின் பின்வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். மனைவி சத்தியபாமா பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தாள். பிள்ளைகள் இல்லை.

அவரை நல்ல மனுஷர் என்று யாரும் சொன்னதில்லை. கை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. அலுவலகத்தில் ஒருவர் கூட்டிக் கழித்ததில் பிழை விட்டால், அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லித்தான் திருத்துவார். பிரதம லிகிதர் வீரசிங்கமும் யாழ்ப்பாணத்தவர்தான். அவருடைய மகன் உயர்தரப் பரீட்சையில் மூன்றாம் முறையும் பௌதிகத்தில் தவறிவிட்டான் என்று தெரியவந்த அன்று, வீரசிங்கம் மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்திருந்தார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரகுநாதன் சொன்னார்:

"பெடியனைப் பேசாதையுங்கோ வீரசிங்கம். அவன் உங்கடை பிள்ளைதான் எண்டதுக்கு வேறை என்ன அத்தாட்சி வேணும்?"

அறை முழுக்கச் சிரித்தது. வீரசிங்கமும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். அந்தப் பெடியன் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. வெலிமடையில் மரக்கறி லொறிகளுக்குக் கணக்கு எழுதப் போனான்.

இரகுநாதனுக்கு அந்த நினைப்பு அன்று பின்னேரமே மறந்துபோயிருக்கும். அவருடைய மனம் வேறொரு இடத்தில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு நகர நூலகத்தில் ஒரு பழைய வெளிநாட்டு விஞ்ஞான சஞ்சிகை அவர் கையில் பட்டது. மிளகளவு உருண்டை ஒன்று, உறைந்த ஐதரசனால் ஆனது. அதை நாலா பக்கமிருந்தும் லேசர் கதிர்களால் ஒரே கணத்தில் அடித்தால் அது உள்நோக்கி நசுங்கி, சூரியனின் வயிற்றுக்குள் நடப்பது அதற்குள்ளும் நடக்கும். அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து எரியும். சிதறிப்போவதற்கு முன்னால் அந்த உருண்டையைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது கயிறுமில்லை, காந்தமுமில்லை. அதன் சொந்தச் சடத்துவம்தான். இருந்த இடத்தை விட்டு அசைய ஒரு பொருளுக்கு இருக்கிற சோம்பல். அந்தச் சோம்பலுக்குள் எரிந்து முடிந்துவிட வேண்டும். விநாடிக்கு ஐந்து உருண்டைகளை இப்படி எரித்தால் ஒரு பெரிய நகரத்துக்கு வெளிச்சம் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

அதெல்லாம் அவருக்குப் பிடித்தது. ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டது அந்தப் படத்தின் ஓரத்தில் இருந்த ஒரு வெறும் சதுரம். லேசர்க்காரர்கள் லேசரை ஆணி ஆணியாக வரைந்திருந்தார்கள். உருண்டையைப் பெருப்பித்து வரைந்திருந்தார்கள். மீதியை ஒரு சதுரம் போட்டு, உள்ளே 'மின் நிலையம்' என்று எழுதி விட்டிருந்தார்கள். வெடிக்கிற அறை எங்கே, அதன் சுவர் எதனால், வெப்பத்தை எந்தக் குழாய் கொண்டுபோகிறது, சுவர் பழுதானால் ஆள் எந்த வாசலால் போய் மாற்றுவான், ஒன்றுமில்லை. படவரைஞருக்கு அது தாங்க முடியாத அவமரியாதையாகப் பட்டது. வீட்டுக்கு வந்து, முன்னறையில் வரைபலகையைப் போட்டார்.

பன்னிரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது. முன்னறையில் இடமில்லாமல், வீட்டுக்கு வந்தவர்கள் குசினியில், அடுப்புப் பக்கத்தில் இருந்து கதைத்துவிட்டுப் போனார்கள். தொண்ணூற்று மூன்றில் சத்தியபாமாவுக்கு உண்டான கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது இரகுநாதன் கொழும்பில் ஒரு நூலகத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வந்து, கட்டிலடியில் நின்று, "இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். அவள் பதில் சொல்ல முன்னமே கடதாசி உருளையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

அவருடைய மின் நிலையத்தின் உயிர் அதன் சுவரில் இருந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் பறக்கிற நியூத்திரன்கள் எந்த உருக்குச் சுவரையும் சில வருடங்களில் அரித்துத் தின்றுவிடும். அதனால் உருகிய இலிதிய உலோகத்தை அருவிபோல விழவிட்டு, அந்தத் திரைக்கு நடுவில் வெடிக்க வைக்கலாம் என்று வெளிநாட்டுக்காரர்கள் யோசித்திருந்தார்கள். திரையே அடியைத் தாங்கும், வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும். இரகுநாதன் அதில் தன்னுடையது என்று ஒன்றைச் சேர்த்தார். அவர்கள் திரவத்தைப் பம்பியால் அமுக்கித் தள்ளினார்கள். அவர் வளையமாக ஒரு பிளவு வைத்து, தன் பாரத்தில் தானாக விழவிட்டார். துன்ஹிந்த அருவியை எந்தப் பம்பி தள்ளுகிறது? பழுதாக ஒன்றுமே இல்லாத திரை. எத்தனையோ தாள்களில், எத்தனையோ பக்கவெட்டுகளில் அதை வரைந்தார். அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார். வீட்டில் தொலைபேசி இல்லாதபடியால், அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிஸாம் நடத்திய கொமியூனிகேஷன் கடையின் இலக்கத்தைக் கடிதத் தலைப்பில் போட்டார். அந்த இலக்கத்துக்கு யாரும் அழைப்பு எடுக்கவில்லை. கடிதங்கள் வீரசிங்கத்தின் மேசையைத் தாண்டித்தான் தபாலுக்குப் போயின.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்றார்கள். யாழ்ப்பாணத்துப் பாதை திறந்தது. அந்த வைகாசியில் ஒருநாள் மத்தியானம் நிஸாம் அலுவலக வாசலுக்கு வந்து நின்றார்.

"சேர், ஒங்களுக்கு லண்டன்லேந்து கோல் ஒண்டு. வெள்ளக்காரன் ஒருத்தர் பேசுறார். பத்து நிமிசத்துல திரும்ப எடுக்கிறண்டு சென்னார்."

இரகுநாதன் பேனையை மூடாமலே எழுந்து போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் நிற்கிற மாணவன் மாதிரி நேராக நின்றார். மறுபக்கத்தில் தடித்த குரல் ஒன்று, தன் பெயர் புரொபசர் வில்மொட் என்றது. உங்கள் கடிதம் பழைய கோப்பு ஒன்றில் கிடந்தது, இப்போதுதான் பார்த்தேன், திரை யோசனை புதுமையானது, கொஞ்சம் விளக்க முடியுமா என்றது. இரகுநாதன் விளக்கினார். கண்ணாடிக்கு வெளியே வாங்குப் பலகையில் வீரசிங்கமும் அலுவலகத்தவர் இருவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து அவர் கையை ஆட்டினார். அவர் யாரையும் பார்த்துக் கை ஆட்டியதை அவர்கள் அன்றுதான் கண்டார்கள்.

வில்மொட் என்று யாருமில்லை. லண்டனில் படித்துக்கொண்டிருந்த வீரசிங்கத்தின் தங்கை மகன் சிந்துஜன்தான் குரல். சின்ன வயதிலேயே போனவன் என்பதால் வெள்ளைக்காரன் மாதிரியே பேசினான். ஒரு தடவை பகிடி விட்டுப் பார்ப்போம் என்றுதான் வீரசிங்கம் தொடங்கினார். ஆனால் அந்தக் கையாட்டலைப் பார்த்த பிறகு அவருக்கு நிறுத்த மனம் வரவில்லை.

இரண்டாம் தடவை அழைப்பு வந்தபோது, இரகுநாதன் வந்து சேர்வதற்கு முன்னால் ரிசீவரை எடுத்த நிஸாமிடம் அந்தக் குரல் தமிழில் கேட்டது: "வீரசிங்கம் மாமா நிக்கிறாரோ?" நிஸாமுக்கு விளங்கிவிட்டது. அன்று கடை பூட்டும்போது வீரசிங்கத்தைப் பிடித்து, "இது பாவம் சேர். அந்த மனுசன் மெய்யெண்டு நம்பிட்டார்" என்றார்.

"உமக்கு வாடிக்கை கூடுதுதானே? பேசாமல் இரும்."

நிஸாம் பேசாமல் இருந்தார். வீட்டில் மனைவி லரீபாவிடம் மட்டும் சொன்னார்.

இரகுநாதன் ஆளே மாறிப்போனார். அலுவலகத்துக்குக் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். அவர்கள் அதைத் தின்றுகொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். பண்டாரவளையில் துணி எடுத்து ஒரு கோட் தைப்பித்தார். ஒருநாள் வீரசிங்கத்தின் தோளில் கை வைத்து, "மகன் எப்பிடி இருக்கிறான்? இன்னொருக்கா எடுக்கச் சொல்லுங்கோவன், நான் பௌதிகம் சொல்லிக் குடுக்கிறன்" என்றார். வீரசிங்கம் அந்தக் கையைப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். மகன் லொறிக்குக் கணக்கு எழுதத் தொடங்கி எட்டு வருடம் ஆகியிருந்தது. அவர் நிறுத்தவில்லை.

வீட்டில் சத்தியபாமா வேறொன்றுக்காகக் காத்திருந்தாள். அவளுடைய தாய் மானிப்பாயில் படுக்கையில் கிடந்தாள். சண்டைக்குள் பன்னிரண்டு வருடம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"பாதை திறந்திட்டாங்கள். ஒரு கிழமை லீவு போடுங்கோ, போயிட்டு வருவம்."

"நான் இல்லாத நேரத்திலை புரொபசர் எடுத்தா?"

"திரும்ப எடுப்பார்தானே."

"இவ்வளவு காலத்திலை ஒரு மனுஷன் எடுத்திருக்கிறான் சத்தியா. அவன் எடுக்கேக்கை நான் இஞ்சை இல்லாமல் போறதோ?"

"அப்ப நான் தனியப் போறன்."

"ஓமந்தையிலை இறங்கி, முகமாலையிலை இறங்கி, சோதனைச் சாவடியளிலை பையைத் திறந்து காட்டிக்கொண்டு நிக்கப்போறியோ? பொறு. இந்த அலுவல் முடிய ரெண்டு பேருமாப் போவம்."

அவள் பொறுத்தாள். பொறுத்துப் பழகியிருந்தாள். தமையன் மானிப்பாயிலிருந்து நிஸாமின் கடைக்கு எடுக்கும்போது போய்த் தாயோடு கதைத்துவிட்டு வருவாள்.

ஆடியில் வில்மொட் மூன்றாம் தடவை எடுத்தார். இரகுநாதன் திரையைப் பற்றி நீளமாகச் சொல்லி முடித்தார்.  சிந்துஜனுக்கு அலுத்துப்போயிருந்தது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டான்:

"ஒன்று வெடித்தால் உங்கள் திரை கிழிந்துபோகும் அல்லவா? அடுத்த உருண்டை வருவதற்கு முன் அது மூடிவிடுமா?"

"தானாக மூடும் சேர். மேலிருந்து வந்துகொண்டே இருக்கிறது."

"நல்லது. அந்தக் கணக்கை எடுத்து வையுங்கள். புரட்டாதியில் நான் இலங்கைக்கு வருகிறேன். அப்புத்தளை ஸ்டேஷனில் சந்திக்கலாம்."

வெளியே வாங்கில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இரகுநாதன் அந்தக் கணக்கை எடுக்க உட்கார்ந்தார். அரைப் பக்கத்தில் முடிகிற வேலை என்று நினைத்தார். அரைப் பக்கத்தில் முடியத்தான் முடிந்தது. பேனையை வைத்துவிட்டு, இன்னொரு தாளில் திரும்பவும் செய்தார். பிறகு குசினிக்குப் போய், ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்து, அடியில் ஆணியாலும் சுத்தியலாலும் நீளமாக ஒரு பிளவு போட்டார். பின்வாசல் படியில் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, பேணியைத் தூக்கிப் பிடித்து, வாளியிலிருந்து தண்ணீர் வார்த்தார். பிளவால் தண்ணீர் மெல்லிய தகடாக இறங்கியது.

"சத்தியா, இஞ்சை வா. அகப்பையாலை அதுக்குக் குறுக்கை ஒருக்கா வீசு."

அவள் வீசினாள். தகடு கிழிந்து தெறித்தது. பிறகு மேலிருந்து இறங்கி மூடிக்கொண்டது. அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது.

"திரும்ப வீசு. இன்னும் கெதியா. நிப்பாட்டாமல்."

அவள் வேகமாக வீசினாள். தகடு மூட வெளிக்கிட்டு, மூடாமல் கிழிந்தது. கிழிந்தது மேலும் கிழிந்தது. இருந்தது வெறும் துளிகள் மட்டும்.

"இன்னும் கெதியா."

"கை நோகுது. இது என்னத்துக்கு?"

அவர் இன்னும் தண்ணீர் வார்த்தார். வாளி வெறுமையாகும்வரை அவள் வீசிக்கொண்டே இருந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஸ்டூலில் நின்றபடியே அவர் ஈரமான சீமெந்தைப் பார்த்தார்.

அவர் படவரைஞர். அவர் வரைந்த எல்லாம் அசையாமல் நிற்பவை. மதில் நிற்கும், மதகு நிற்கும், தாளில் திரையும் நின்றது. அவர் வரைந்த எல்லாத் தாளிலும் அது கிழியாமல் முழுதாகத்தான் இருந்தது. ஒரு வெடிப்பில் திரை தாங்குமா என்று பல வருடம் கணக்குப் பார்த்தவர், கிழிந்த திரை அடுத்த வெடிப்புக்கு முன் மூடுமா என்று ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. தன் பாரத்தில் மட்டும் விழுகிற திரவத்துக்கு அந்த ஐந்திலொரு விநாடி போதாது. விநாடிக்கு ஒன்று மட்டும் வெடிக்க வைத்தால் திரை மூடும். ஆனால் அதே பெரிய ஆலை, அதே லேசர், மின்சாரம் மட்டும் ஐந்திலொன்று. அதை யாரும் கட்டமாட்டார்கள். பம்பியால் தள்ளலாம். அப்படித் தள்ளினால் அது வெளிநாட்டுக்காரர்களின் திரை, அவருடையது இல்லை.

அந்த ஆவணி முழுக்க வேறு வழி தேடினார். சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்து, அதையே பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு விடையும் தெரிந்திருக்கும். சும்மா கேட்டிருக்கமாட்டார். என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். நேரில் போய், "சேர், மூடவில்லை" என்று சொன்னால், அவர் சிரித்துவிட்டு ஒரு கோடு போட்டுக் காட்டுவார்.

அப்புத்தளைக்குப் போகவிருந்த நாளுக்கு முதல்நாள் தமையன் எடுத்திருந்தார். தாய் தண்ணீரும் குடிக்கிறாள் இல்லை. சத்தியபாமா நிஸாமின் கடையிலிருந்து நேரே வந்து வரைபலகைக்கு முன்னால் நின்றாள். அந்தப் பலகைக்கு முன்னால் அவள் வந்து நிற்பதில்லை.

"நாளைக்கு விடிய வெளிக்கிடுவம்."

"நாளைக்கு அவர் வாறார்."

"அம்மா சாகக் கிடக்கிறா."

"நாளையிண்டைக்கு முதல் பஸ்ஸிலை போவம். சத்தியமாப் போவம். இந்த ஒரு நாளை எனக்குத் தா."



புதுக்கோட்டும், கக்கத்தில் கடதாசி உருளைகளுமாக அவர் அப்புத்தளையில் இறங்கியபோது மேடை முழுக்க மூடுபனி. கண்டிப் பக்கமிருந்து வரும் வண்டி பிந்தி வந்தது. அதிலிருந்து முதுகுப் பையோடு வெள்ளைக்காரர் சிலர் இறங்கினார்கள். நரைத்த தாடி வைத்த ஒருவரிடம் போய், "புரொபசர் வில்மொட்?" என்று கேட்டார். அந்த ஆள் சிரித்து, தங்களுக்கு ஏற்கெனவே அறை இருக்கிறது, வழிகாட்டி வேண்டாம் என்றார். அடுத்த வண்டிக்கும் நின்றார். அதிலும் யாரும் வரவில்லை.

மூடுபனிக்குள்ளிருந்து வந்தது வீரசிங்கம். பின்னால் அலுவலகத்தவர்கள் நாலைந்து பேர், கையில் சோற்றுப் பார்சல்களோடு. ஸ்டேஷனுக்கு வெளியே அலுவலக வான் வண்டி நின்றது.

"என்ன இரகு, கோட்டோடை? ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கிறீரோ?"

இரகுநாதன் சொன்னார். அவர்களில் ஒருவனால் அடக்க முடியவில்லை. தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான். வீரசிங்கம் சிரிக்கவில்லை. கிட்ட வந்து, தாழ்ந்த குரலில், ஆறுதலாகச் சொன்னார்:

"அவர் வரமாட்டார். அவருக்கு அங்கை சோதினை எழுதக் கிடக்கு. அவர் என்ரை தங்கச்சியின்ரை மகன், சிந்துஜன். வைகாசியிலை இருந்து உம்மோடை கதைச்சது அவன்தான். இவையெல்லாருக்கும் தெரியும். உமக்கு மட்டும்தான் தெரியாது. என்ரை பிள்ளைக்குப் பௌதிகம் சொல்லிக் குடுக்கப்போறீரோ?"

இரகுநாதன் அழுவார், அல்லது அடிக்க வருவார் என்று வீரசிங்கம் எதிர்பார்த்திருந்தார். எட்டு வருடமாக இந்த முகத்தைத்தான் மனத்துக்குள் வரைந்து பார்த்திருந்தார்.  இரகுநாதன் கேட்டார்:

"அந்தத் திரை மூடுமோ எண்ட கேள்வி. அது ஆர் சொல்லிக் குடுத்தது?"

"எந்தக் கேள்வி?"

"அவன் கேட்டவன். அவனுக்கு விடை தெரியுமோ?"

வீரசிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரகுநாதன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஏறினார். அங்கிருந்த ஒரு தொலைபேசிக் கடையில் "எடும், இப்ப எடும்" என்று நின்றார். வீரசிங்கம் எடுத்தார், ஏன் எடுத்தேன் என்று பிறகும் அவருக்குத் தெரியவில்லை. இரகுநாதன் ரிசீவரைப் பறித்தார்.

"தம்பி, நான் இரகுநாதன். பதுளை."

 மறுபக்கத்தில், அந்தத் தடித்த குரல் இல்லாத ஒரு பெடியனின் குரல்: "ஐயா, மன்னிச்சுக் கொள்ளுங்கோ. மாமாதான்…"

"அதை விடும். ஒண்டு வெடிச்சா அடுத்ததுக்கு முதல் திரை மூடுமோ எண்டு கேட்டனீர். மூடேல்லை. நான் கணக்குப் பாத்தன். என்ன செய்யலாம்?"

"எனக்குத் தெரியாது ஐயா. நான் படிக்கிறது கணக்கியல். வாயிலை வந்ததைக் கேட்டன்."

"யோசிச்சுப் பாரும். நல்ல கேள்வி அது. இன்னொண்டு கேளும்."

இணைப்பு அறுந்தது. இரகுநாதன் திரும்பவும் எடுக்கச் சொன்னார். யாரும் எடுக்கவில்லை.

அதே வான் வண்டியில் திரும்பினார்கள். சோற்றுப் பார்சல்கள் பிரிக்காமலே கிடந்தன. வானை ஓட்டியவன் தனேஸ்வரன், அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன். பிக்னிக் என்று சொல்லித்தான் அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். முன்சீட்டை இரகுநாதனுக்கு விட்டு, "சாஞ்சுக்கங்க ஐயா, வீட்டு வாசல்லயே எறக்கி விட்டுர்றேன்" என்றான். பண்டாரவளை தாண்டிய பிறகு, தனக்கு மட்டும் கேட்கும்படி, "இவங்க கூட இனி எங்கயும் வண்டி எடுக்க மாட்டேன்" என்றான். இரகுநாதனுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. உருளைகளை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே அயல்பெண்கள், நிஸாமின் மனைவி லரீபா. தாய் அன்று காலையில் முடிந்துவிட்டாள். மானிப்பாயிலிருந்து வந்த செய்தியைக் கொண்டுவந்தவள் லரீபாதான். செய்தியைச் சொன்னவள், சத்தியபாமா "இவர் புரொபசரைப் பாக்க அப்புத்தளைக்குப் போயிட்டார்" என்று அழுததைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் புரொபசர் என்று யாருமில்லை என்பதையும் சொல்லிவிட்டாள்.

சத்தியபாமா ஒரு பையை அடுக்கி வைத்திருந்தாள். இரகுநாதன் கோட்டோடு வாசலில் நின்றார்.

"சத்தியா, என்னை ஏமாத்திப்போட்டாங்கள்."

"உங்களை அவங்கள் ஏமாத்தினவங்கள். என்னை ஏமாத்தினது ஆர்?"

"நானும் வாறன்."

"வேண்டாம்."

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அவள் தனியாகப் போனாள். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி நின்று பையைத் திறந்து காட்டினாள். அது அவ்வளவு கஷ்டமான காரியமாக இருக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது தாயை எரித்து முடித்திருந்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து திரும்பி வந்தாள். வந்தது மாற்றலுக்கு விண்ணப்பிக்க. அடுத்த வருடம் மானிப்பாய்க்கே போய்விட்டாள்.

அலுவலகத்தில் அவருக்குப் 'புரொபசர்' என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வந்தவர்களும் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்தார்கள். வீரசிங்கம் ஓய்வு பெறும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் ஒவ்வொரு தடவையும் தொலைபேசிக் கடைக்கு வரும் இடத்தில் நிறுத்திவிடுவார். ஒருநாள் தேநீர் நேரத்தில் இரகுநாதன் அவர் மேசைக்கு வந்து, "உம்மடை மருமேன் கெட்டிக்காரன். பன்ரண்டு வரியத்திலை எனக்குத் தோன்றாததை ஒரு நிமிசத்திலை கேட்டவன்" என்றார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்து வீரசிங்கம் அவரோடு பேச்சை விட்டார். கேலி இல்லை. நிஸாமின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று இரகுநாதன் பல தடவை லண்டனுக்கு எடுத்துப் பார்த்தார். இலக்கம் மாறியிருந்தது.

கொஞ்ச காலம் பலகையில் வேலை செய்தார். பிறகு செய்யவில்லை. முன்னறை அப்படியே கிடந்தது. இப்போது குசினியில் இருந்து கதைக்கவும் யாரும் வரவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். அவள் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். அதற்கு முன்னான நாலு வருடமும் பாதை திறந்துதான் இருந்தது. அவர் போகவில்லை, அவள் கூப்பிடவும் இல்லை. சண்டைக்குள்ளேயே ஓய்வு பெற்றார். எல்லாம் முடிந்து பாதை திறந்த வருடத்தின் கடைசியில், ஒரு சின்னப் பையோடு தன் சொந்த ஊரான மானிப்பாய்க்குப் போய் இறங்கினார்.

சத்தியபாமா வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் எழும்பி, பிள்ளைகளைப் போகச் சொன்னாள். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள்.

"சாப்பிட்டியளோ?"

"இல்லை."

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மீன் பொரியலும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவர் சாப்பிடும்வரை எதிரில் இருந்தாள். வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்ததை அவர் தொடங்கப் பார்த்தார்.

"நான் அந்த வேலையை விட்டிட்டன்."

"ம்."

"பலகையையும் குடுத்திட்டன். வான் ஓட்டுற தனேஸ்வரன்ரை பெடிச்சி படிக்கிறாள், அவளுக்கு மேசையா இருக்கட்டும் எண்டு."

அவள் கோப்பையில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு, ஏதோ அடுத்த வீட்டுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்:

"அம்மா சாகிறதுக்கு முதல்நாள் ரெலிபோனிலை என்னோடை கதைச்சவ. அண்ணை காதிலை வைச்சுப் பிடிச்சுக்கொண்டிருந்தவர். ஏன் பிள்ளை இன்னும் வரேல்லை எண்டு கேட்டவ. இவர் லண்டன் புரொபசர் ஒராளோடை பெரிய அலுவலிலை நிக்கிறார், சூரியனை மாதிரி ஒண்டைச் செய்யினம், முடிஞ்ச உடனை வாறம் எண்டு சொன்னன். அம்மாக்குச் சரியான சந்தோசம். பக்கத்து வீட்டுச் சனத்துக்கெல்லாம் சொல்லச் சொன்னவவாம்."

இரகுநாதனின் கை சோற்றில் நின்றது.

"இஞ்சை ஆக்கள் இப்பவும் கேக்கிறவை. அந்த அலுவல் என்ன மாதிரி எண்டு."

"நீ என்ன சொல்லுறனி?"

"நடக்குது எண்டு சொல்லுறனான்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் கோப்பையை உள்ளே கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். அந்தச் சத்தம் நின்ற பிறகு வாசலுக்கு வந்து, கதவில் சாய்ந்து நின்றாள்.

"வவுனியாப் பஸ் கடைசியா எத்தினை மணிக்கு எண்டு கேட்டு வந்தனீங்களோ?"

கேட்டு வரவில்லை. பையில் மாற்றிக் கட்ட இரண்டு சாரம் வைத்திருந்தார். அதைச் சொல்லாமல் எழும்பினார். அவள் வாசல் படலைவரை வந்தாள். யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸை அவளே கைகாட்டி நிறுத்தி, நடத்துனரிடம், "இவரைப் பஸ் ஸ்ராண்டிலை இறக்கி விடும் தம்பி, இடம் தெரியாது" என்றாள்.